பழைய கேரவனுக்குப் புதுக் கூரை ஏசி: டர்பன் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் என் சித்தப்பாவின் கேரவனில், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் படுக்கை வண்டியில், கூரை ஏசி நின்றுபோனது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சில வாரங்களே இருந்தன. அவர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள் இரண்டு: தெற்குக் கடற்கரையில் ஸ்காட்பர்க், வடக்கே செயின்ட் லூசியா. உள்ளே படுப்பது நான்கு பேர். சித்தப்பா, சித்தி, ஒரு பேத்தி, அப்புறம் ஆஸ்துமாவோடு இருக்கும் ஆயா, அதாவது சித்தியின் அம்மா. ஆயாவுக்கு ராத்திரி மூச்சு சீராக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் மொத்த நோக்கமும்.

நான் டர்பனில் குளிர்சாதன வேலை செய்பவன். ஏசியின் குளிரூட்டும் திறனைச் சொல்லும் பி.டி.யூ. கணக்கில் சித்தப்பா முதலில் கேட்டது இது: "பழசு 13,500 பி.டி.யூ. இந்தத் தடவை 15,000 போட்டுடுப்பா. ஆயாவுக்கு நல்லா குளிரட்டும்." கடைசியில் நாங்கள் ஏற்றியது 2.2 கிலோவாட், அதாவது சுமார் 7,500 பி.டி.யூ. அவர் கேட்டதில் பாதி. ஏன் என்பதைக் கணக்கோடு எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு என்னிடம் வருகிற எல்லாரும் பி.டி.யூ. எண்ணிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

பழையது உண்மையிலேயே போய்விட்டதா

கூரை ஏசி ஓடவில்லை என்றால் உடனே புதியது வாங்கக் கூடாது. உர்ரென்று முனகி நின்றுவிட்டால் பல நேரம் குற்றவாளி, மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர்தான். சின்னச் செலவில் முடிந்துவிடும். இங்கே மின்சாரத்தைத் துண்டித்து, கெபாசிட்டரில் தேங்கியிருந்த மின்னை இறக்கிவிட்டு மீட்டர் வைத்தேன். மேலே 35 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 34 காட்டியது. அது நன்றாகவே இருந்தது.

அடுத்து கம்ப்ரசர் முனைகள். ஒரு முனையில் மீட்டரின் ஒரு கம்பியும் செம்புக் குழாயில் மறு கம்பியும் வைத்தால் மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். காட்டியது சில நூறு ஓம். கம்ப்ரசருக்குள் சுருளின் காப்பு எரிந்து, மின்சாரம் அதன் உலோக உடலுக்குக் கசிகிறது என்று அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு சுவிட்ச், 230 வோல்ட்டில் தடை சுமார் 7,700 ஓம்முக்குக் கீழே போனாலே விழுந்துவிடும். சுவிட்சைப் போட்ட நொடியே கேரவன் முழுவதும் இருளானதற்குக் காரணம் இதுதான்.

கம்ப்ரசரை மட்டும் மாற்றலாமே என்றார் சித்தப்பா. கூரை மேல் ஏறி மூடியைத் திறந்து காட்டினேன். வெப்பத்தை வெளியே தள்ளும் கன்டென்சரின் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. கடற்கரை உப்புக்காற்று பல வருடமாகத் தின்ற வேலை அது. உள்ளே இருந்த குளிர்வாயுவோ ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பழைய ஆர்-22. மொன்றியால் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளும் 2030-க்குள் புதிய ஆர்-22 பயன்பாட்டை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தியாக வேண்டும். அந்த வாயுவுக்காக ஒரு புதுக் கம்ப்ரசரில் முதலீடு செய்வதில் அர்த்தமில்லை. வாயு வேலையை எஸ்.ஏ.க்யூ.சி.சி. காஸ் என்ற அமைப்பில் பதிவு உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்பது இங்குள்ள விதி. வாயுவை மீட்டு எடுக்க, பற்றவைக்க, வெற்றிடமாக்க, நிரப்ப என்று கூலியைக் கூட்டிப் பார்த்தால் புதிய ஏசி விலையில் பாதியைத் தாண்டியது. மாற்றுவது என்று முடிவானது.

கொன்றது எது

புதியதைத் தேர்ந்தெடுக்கும் முன் பழையது ஏன் செத்தது என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் அதே சாவு புதியதற்கும் வரும்.

சித்தப்பா ஒவ்வொரு பயணத்திலும் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். அவருடைய நோட்டில் ஒரு கேரவன் பார்க்கின், அதாவது கேரவன்கள் தங்கும் முகாமின், மாலை நேர வோல்ட்டேஜ் 212 என்று இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் சமைக்கவும் குளிக்கவும் தொடங்கும் நேரம் அது. அவர் பயன்படுத்திய நீட்டிப்பு ஒயர் 30 மீட்டர் நீளம், 1.5 சதுர மி.மீ. தடிமன். அந்தத் தடிமன் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம். போக வர 60 மீட்டர் என்றால் 0.73 ஓம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பது சுமார் 7 ஆம்பியர். அப்போது ஒயரில் தொலைவது 5 வோல்ட், அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் ஓட்ட மின்னைப் போல ஐந்து மடங்கு, 35 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது 25 வோல்ட் ஒயரிலேயே போய்விடுகிறது. 212-இல் 25 கழித்தால் 187.

187 வோல்ட்டில் அந்தக் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். திணறும்போது சுழலாமல் நின்றபடியே முழு மின்னையும் இழுத்துச் சூடாகும். பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தும், ஆறியதும் மறுபடி முயலும். பல விடுமுறைகளில் இப்படியே சூடேறிச் சூடேறித்தான் சுருளின் காப்பு கருகியிருக்கிறது என்பது என் கணிப்பு. அந்த வோல்ட்டேஜில், அந்த ஒயரில், அதைவிடப் பெரிய ஒன்றை மாட்டினால் இன்னும் சீக்கிரம் எரியும்.

பிரேக்கரும் இதே கதைதான். பார்க்கில் இருக்கும் நீல நிறப் பிளக் 16 ஆம்பியர் தாங்கும் என்பதை நம்பி நிறையப் பேர் கணக்குப் போடுகிறார்கள். பிளக் எவ்வளவு தாங்கும் என்பது முக்கியமே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கர் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சித்தப்பா போகும் இடங்களில் ஒன்றில் அது 10 ஆம்பியர். அதாவது மொத்தம் 2,300 வாட். 15,000 பி.டி.யூ. ஏசி ஒன்று சுமார் 8 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜும் விளக்கும் போக மீதி ஒன்றுமில்லை. டீக்குக் கெட்டிலைப் போட்டால், அது மட்டுமே 8.7 ஆம்பியர், பிரேக்கர் விழும். விழுந்த பிரேக்கரை யாராவது போய் உடனே தூக்கிவிடுவார்கள். ஏசிக்குள் வாயுவின் அழுத்தம் சமநிலைக்கு வர மூன்று நிமிடமாவது ஆகும், அதற்குள் கம்ப்ரசரைக் கிளப்பினால் மறுபடி அதே திணறல். லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் திரும்பும் நேரத்திலும் இதுதான் நடக்கும். 2023-இல் அந்த வெட்டு உச்சத்தில் இருந்தபோது கேரவன் ஏசிகள் மட்டுமில்லை, வீட்டு ஏசிகளும் எத்தனையோ என் கைக்கு வந்தன.

ஆகவே முதல் நிபந்தனை: ஓடும்போது 4 ஆம்பியர் பக்கத்தில் இருக்க வேண்டும், தானாகவே மூன்று நிமிடம் தாமதித்துக் கிளம்ப வேண்டும். ஒயரை 2.5 சதுர மி.மீ.க்கு மாற்றுவது ஏசி வாங்குவதற்கு முந்தைய செலவு. அதில் 30 மீட்டருக்குத் தடை 0.44 ஓம்தான். சுருளாகவே விட்டு வைத்தால் ஒயர் சூடாகி உருகும், முழுக்க விரித்துப் போட வேண்டும். சித்தப்பாவிடம் இதை இரண்டு தடவை சொன்னேன்.

ஈரம்

கடற்கரை ஆட்கள் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். டர்பன் கோடையில் வெயில் 28, 30 டிகிரிதான். கஷ்டம் கொடுப்பது காற்றில் உள்ள ஈரம். ஆயாவின் மூச்சைப் பிடிப்பதும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கவைப்பதும் அதுதான். ஏசி ஈரத்தை எடுக்க வேண்டுமென்றால் அதன் குளிர்ச்சுருள் நன்றாகக் குளிர்ந்து, அதன்மேல் நீர் கோத்து, வடிந்து கீழே இறங்க நேரம் வேண்டும். பெரிய ஏசி சின்ன அறையில் ஐந்து நிமிடத்தில் 23 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு நின்றுவிடும். சுருளில் கோத்த நீர் வடியக்கூட நேரமில்லை. விசிறி மட்டும் தொடர்ந்து ஓடினால் அந்த நீர் திரும்ப ஆவியாகி உள்ளேயே வரும். காற்று குளிர்ந்திருக்கும், போர்வை பிசுபிசுவென்று இருக்கும்.

இந்தக் கேரவனுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? உடல் நீளம் 5 மீட்டர், அகலம் 2.1, உயரம் 2. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பாலிஸ்டைரீன் நுரை, இடையே மரச்சட்டம். நடுப்பகலில் நேரடி வெயிலில் கூரை வழியாக உள்ளே வரும் வெப்பம் 450 வாட் பக்கம். சுவர்கள் 250. ஜன்னல்கள் 600 முதல் 1,000 வரை, திரை எப்படி என்பதைப் பொறுத்து. நான்கு பேர் 400. உள்ளே புகும் ஈரக் காற்று 150-க்கு மேல், கதவைத் திறந்து திறந்து மூடினால் இன்னும் அதிகம். கூட்டினால் 2,000 வாட்டுக்குச் சற்று மேலே. கூரைக்கு மேல் நிழல் வலை கட்டினால் கூரை, ஜன்னல் வழியாக வரும் வெப்பம் நன்றாகக் குறையும். ராத்திரியில் சூரியனே இல்லை. நான்கு பேரின் உடல் சூடும் ஈரமும்தான் பாக்கி, அது சில நூறு வாட். 15,000 பி.டி.யூ. என்பது 4,400 வாட். ஆயா தூங்கும் நேரத்தில் அது அரை மணிக்கு ஒரு தடவை சில நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடும். 2.2 கிலோவாட்டே ராத்திரிக்குத் தாராளம். விசிறியைக் குறைந்த வேகத்தில், தானியங்கி நிலையில் வைத்தால்தான் ஈரம் ஒழுங்காக இறங்கும்.

இந்த விஷயத்தில் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தான் உத்தமம். தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓடும், கிளம்பும்போது அடிக்கும் அந்த மின்னிழுப்பும் இல்லை. ஆனால் விடுமுறைக்கு முன் எங்களுக்குக் கிடைத்த இன்வெர்ட்டர் மாடல் எடை கூடியது, அதன் மின்னணுப் பலகை பழுதானால் டர்பனில் உடனே மாற்றுப் பலகை கிடைக்காது. டிசம்பர் நடுவில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அந்தப் பந்தயத்தில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

கூரைத் துளை

பழைய ஏசியை இறக்கிய பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. கேரவன் கட்டியபோது கூரை ஜன்னலுக்கென்று வெட்டிய துளை 400-க்கு 400 மி.மீ. பின்னால் யாரோ அமெரிக்க அளவு ஏசியை, அதாவது 14 அங்குலத் துளைக்கானதை, ஏற்றியிருக்கிறார்கள். இடைவெளியை மரத்துண்டுகள் வைத்து அடைத்து, மேலே சிலிக்கான் பூசியிருக்கிறார்கள். அந்த அடைப்பு வழியாக மழை இறங்கி, ஒரு பக்க மரச்சட்டம் கறுத்துப்போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே போனது.

ஸ்வீடனின் டொமெட்டிக், ஜெர்மனியின் ட்ரூமா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் கூரை ஏசிகள் பெரும்பாலும் 400 மி.மீ. துளையை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. ஆகவே அந்த வகை ஏசி ஒன்று நேராக உட்காரும், அடைப்பே வேண்டாம். இதுதான் தேர்வைப் பாதி முடித்துவைத்தது. எடையும் உதவியது. பழையது 44 கிலோ, புதியது 29. தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பு 1,350 கிலோ, வெறும் வண்டி 1,080. கூடாரம், தண்ணீர், காஸ் சிலிண்டர், ஆயாவின் சக்கர நாற்காலி எல்லாம் மீதி 270-க்குள் அடங்க வேண்டும். அதில் 15 கிலோ மிச்சம், அதுவும் கூரை உயரத்தில். என்2 நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது கேரவனை இழுக்கும் பக்கி (பிக்கப் வண்டி) ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஒதுக்கிய வழிகள்

சொந்தக்காரர் ஒருவர் கன்டெய்னரில் வந்த அமெரிக்க ஏசி ஒன்றை அடிமாட்டு விலைக்குத் தருவதாகச் சொன்னார். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கலாம், அந்தப் பெட்டியே இருபது கிலோவுக்கு மேல். ஹெர்ட்ஸை அது மாற்றாது. 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், அதே 120 வோல்ட் கொடுத்தால் இரும்பு உள்ளகம் அளவுக்கு மீறிச் சூடாகும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொன்னேன்.

வீட்டு ஸ்ப்ளிட் ஏசியை கேரவனில் மாட்டி, வெளிப்பெட்டியை முன்பக்க இழுவைச் சட்டத்தில் வைப்பது இங்கே நிறையப் பேர் செய்வது. விலை குறைவு, சத்தம் குறைவு, 9,000 பி.டி.யூ. இன்வெர்ட்டர் நன்றாகவே குளிரூட்டும். ஒரே இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கேரவனுக்கு நானே அதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் கரடுமுரடான சரளைப் பாதையில் இழுத்துப்போகும் வண்டியில் செம்புக் குழாயின் நட்டு இணைப்புகள் அதிர்ந்து கசியும். கொக்கி மேல் விழும் எடையும் கூடிவிடும்.

லாரிக்கான 12 வோல்ட் ஏசியையும் சித்தப்பா கேட்டார், லோட் ஷெடிங்கை நினைத்து. 700 வாட் என்றால் 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட. 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்று இரண்டு மணி நேரம் கூடத் தாங்காது. அதே பேட்டரியில் ஒரு சின்ன டி.சி. விசிறி ராத்திரி முழுக்க ஓடும், அதனால் ஆயா பக்கத்தில் அதை மாட்டிவைத்தோம்.

பொருத்தியது

கறுத்துப்போன மரத்தை வெட்டி எடுத்து, மெரான்டி மரத்தில் புதுச் சட்டம் நான்கு பக்கமும் வைத்தேன். இந்தச் சட்டம் இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் நுரை நசுங்கி, கூரை நடுவில் குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்தோம். உலோகச் சுரண்டி தகட்டைக் கீறிவிடும். ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட் பாதித் தடிமனுக்கு அமுங்கும் வரை போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். அதிகம் இறுக்கினால் கேஸ்கெட் செத்துவிடும், குறைந்தால் ஒழுகும். கூரைக்கும் உள்பெட்டிக்கும் நடுவில் குளிர்காற்று போகும் வழியையும் திரும்பும் வழியையும் அலுமினிய டேப்பால் பிரித்து ஒட்டினேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சின்ன இடைவெளி இருந்தாலும் குளிர்காற்று அறைக்கு வராமல் நேராகத் திரும்பி உள்ளே போய், அறை குளிராமலேயே ஏசி நின்றுவிடும். சக்தி போதவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த டேப் விஷயம்தான்.

அளந்தது

டிசம்பரில் பார்க்கிலிருந்து சித்தப்பா அனுப்பிய எண்கள் இவை. வெளியே 31 டிகிரி, நிழல் வலை கட்டிய நிலையில் மதியம் உள்ளே 25. வலை இல்லாமல் ஒரு மதியம் சோதித்தபோது 28-க்குக் கீழே இறங்கவில்லை. ஓடும் மின் அளவு 4.1 ஆம்பியர். டீ காஸ் அடுப்பில்தான், அந்த ஏற்பாட்டுக்குச் சித்தி முதல் நாளே சம்மதித்துவிட்டார். பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை. ராத்திரியில் வெளியே ஈரம் 80 சதவீதத்துக்கு மேல், உள்ளே 55 பக்கம். வடிகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்: பகலில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். காற்றிலிருந்து அவ்வளவு நீர் வெளியே போயிருக்கிறது. ஆயா இன்ஹேலரை எடுக்காமல் விடியும் வரை தூங்கினார் என்று சித்தி போனில் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

ஒரு குறையும் வந்தது. அந்தத் தண்ணீர் கூரையில் வழிந்து கூடார வாசலில் சொட்டியது. ஜாக்கை வைத்து கேரவனின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தியதும் பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. தைப்பூசக் காவடிக்கு முன் ஊர் திரும்பியதும் ஒரு சின்ன வடிகால் பள்ளம் ஒட்டிக் கொடுத்தேன். போல்ட்டுகளை அப்போதே மறுபடி சோதித்தேன், முதல் பயணத்துக்குப் பிறகு கேஸ்கெட் கொஞ்சம் உட்காரும். கன்டென்சரை ஒவ்வொரு கடற்கரைப் பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைத்து, கழுவ வேண்டும். பழையதைத் தின்ற உப்பு இதையும் தின்னப் பார்க்கும்.

இதே கேரவன் க்ரூகர் பக்கம், கோடையில் 40 டிகிரி தொடும் தாழ்நிலத்துக்குப் போவதாக இருந்தால் இந்த 2.2 கிலோவாட்டை நான் ஏற்றியிருக்க மாட்டேன். அங்கே கடும் வெயில், பகல் சுமை அதிகம். 3 கிலோவாட்டுக்கு மேல் உள்ள இன்வெர்ட்டர் வகையைத் தேடி, உதிரிப் பாகத்தை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அப்போதும் முதலில் கேட்பது தங்கும் முகாமின் பிரேக்கர் எத்தனை ஆம்பியர், கையில் இருக்கும் ஒயர் என்ன தடிமன் என்பதைத்தான்.